துணி மூலையில் இரண்டு புள்ளி

தோல் வார்டில் நெடுநாள் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பேருந்தில் எதிரே உட்காருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைப் பார்ப்போம். பிறகு முழங்கை மடிப்பு, கடிகாரம் கட்டும் இடம், காது மடல். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு இது போகவில்லை. வடக்கனந்தலில் ஏறிக் கள்ளக்குறிச்சியில் இறங்குவதற்குள் நாலு பேருக்கு மனதுக்குள்ளேயே களிம்பு தடவிவிடுகிறேன். வாய் திறந்து ஒருவரிடமும் சொன்னதில்லை. பேசத் தயங்குகிற குணம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அந்தக் குணத்தால் ஒருத்திக்கு நேர்ந்ததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதச் சொன்னது பிரியா. நான் வார்டில் இருந்தபோது புதிதாக வந்து சேர்ந்த செவிலியர். இப்போது வார்டுப் பொறுப்பே அவளிடம். போன வாரம் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, புதுசா ஒரு ஊசி வந்துகினு இருக்கு. தோலுக்குள்ள அணுவுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்குதில்ல, அந்தச் சேதிய மட்டும் மறிச்சிடுதாம். புதுசா வந்ததுங்க எல்லாம், இனிமே ஈரக்கட்டு, முதுகு டெஸ்ட்டு எல்லாம் எதுக்குன்னு கேக்குதுங்க. நீ அந்த மல்லிகா விஷயத்த எழுதிக் குடு. படிக்கட்டும்."

"எனக்கு எழுத வராது பிரியா."

"பேசவும் வராதும்ப. ரெண்டுல ஒண்ணாவது செய்."

நாலு நாளாக எழுதுகிறேன். இரண்டு வரி எழுதியதும் எழுந்துபோய்க் கொடியில் துணி காய்ந்ததா என்று பார்க்கிறேன். காய்ந்திருந்தால் மடிக்கிறேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடிக்கிறேன். வீட்டுக்காரர், "உக்காந்து எழுது, இல்லன்னா வுட்டுடு. குறுக்கயும் நெடுக்கயும் நடந்துகினே இருந்தா எனக்குத் தல சுத்துது" என்கிறார்.

பத்தாவது முடித்ததோடு என் படிப்பு நின்றது. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போவார்கள். எங்கள் பங்குச் சாமியார் சொல்லி, கள்ளக்குறிச்சியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். சில வருஷம் கழித்துத் தோல் வார்டுக்கு மாற்றினார்கள். பன்னிரண்டு கட்டில். மற்றவர்கள் அங்கே வரப் பயப்பட்டதால் எனக்கு அந்த இடம் கிடைத்தது. களிம்பு தடவ, புண் கழுவ, கட்டுப் போட ஒவ்வொருவராகப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். தோல் வியாதி பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளாது என்பது தெரிந்த பிறகு எனக்கு அந்த வார்டைப்போல் நிம்மதியான இடம் வேறு இல்லை. யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பேச வேண்டிய அவசியம் இராது.

டாக்டர் வசந்தி வந்ததும் அந்த நிம்மதி போயிற்று. என்னைவிடப் பத்து வயது சின்னவர். உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கட்டிலுக்குக் கட்டில் நடந்துகொண்டே கேட்பார். என்ன சோப்பு, துணிக்கு என்ன பவுடர், தலைக்கு என்ன எண்ணெய், வளையல் கண்ணாடியா கவரிங்கா, பாவாடை நாடா எந்த இடத்தில் இறுக்குகிறது, செருப்பு ரப்பரா தோலா. நோயாளி பதில் சொல்லத் தயங்கினால், "சொல்லும்மா, உன்னைத் திட்ட மாட்டேன்" என்பார். கொஞ்ச நேரத்தில் திட்டுவார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னார். ஒரு நோயாளியின் தோலில் மிளகளவு வெட்டி, சீவி, சாயம் ஏற்றி வைத்திருந்தார்கள். இளஞ்சிவப்பில் ஒரு வயல்போலத் தெரிந்தது. ஒரு சின்ன வாய்க்காலைச் சுற்றி நீலப் புள்ளிகள் கும்பலாக நின்றன.

"அந்தப் புள்ளிதான் வெள்ளை அணு. வாய்க்கால் மாதிரி தெரியுதே, அது ரத்தக்குழாய். எதிரி வந்துட்டான்னு நினைச்சு குழாயிலேருந்து இறங்கி வந்து குவிஞ்சிருக்கு. இதுங்க கூடிப் போடற சண்டைதான் வீக்கம், சிவப்பு, அரிப்பு எல்லாம். ஆனா எதிரின்னு ஒருத்தனும் இல்ல லூர்து. வந்தது வெறும் கவரிங் வளையல்."

நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தவறான சேதியைக் கேட்டு ஊரே கூடி நிற்பதுபோல இருந்தது.

இன்னொன்றும் அவர் அடிக்கடி சொல்வார். ஒவ்வாமை இரண்டு வேகத்தில் வரும். கரும்பு வெட்டும்போது குளவி கொட்டி ஒருவரைத் தூக்கி வந்தார்கள். பத்தே நிமிஷத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம். அது தோலில் முன்கூட்டியே மருந்துப் பையோடு காத்திருக்கும் ஒரு வகை அணு பையைக் கொட்டிக் கவிழ்ப்பது. உடனே வரும், உடனே ஊசி போட வேண்டும். மற்றது மெதுவாக வருவது. மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வருஷம் தவறாமல் ஒரு விவசாயி வருவார். பார்த்தீனியம் செடி அவருக்கு ஆகாது. அதன் தூசு காற்றில் வந்து பட்டாலே முகமும் கழுத்தும் யானைத்தோல்போலத் தடித்துவிடும். ஆனால் பட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அவர் உடம்பில் அந்தச் செடியை ஞாபகம் வைத்திருக்கும் அணுக்கள் உண்டு. அவை சேதி கேட்டு, ஆள் சேர்த்து, வந்து சேர இரண்டு நாள் பிடிக்கும்.

இந்த இரண்டு நாள் கணக்கில்தான் எங்கள் முதுகுப் பரிசோதனை நடக்கும். சட்டைப் பொத்தான் அளவில் சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்கள் பிளாஸ்திரியில் வரிசையாக ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் அரிசியளவு மருந்து: நிக்கல், ரப்பர், வாசனைப் பொருள், சிமெண்டில் இருக்கும் குரோமியம், பார்த்தீனியம். ஒன்றில் மட்டும் வெறும் வாசலின். அது ஒப்பிட்டுப் பார்க்க. முதுகில் ஒட்டி, ஓரத்தில் பேனாவால் குறியிட்டு அனுப்புவேன். முதுகு நனையக்கூடாது, வேர்க்கக்கூடாது, சுமை தூக்கக்கூடாது. இரண்டாம் நாள் பிரித்து, பிளாஸ்திரி இழுத்த சிவப்பு அடங்க அரைமணி நேரம் உட்கார வைத்த பிறகுதான் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அவர் முதலில் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவார். "சிவப்பு பொய் சொல்லும், தடிப்பு சொல்லாது" என்பார். நாலாம் நாள் மறுபடி ஒரு பார்வை. நாலாம் நாளும் தடிப்பு நின்றால்தான் அது உறுதி.

இதெல்லாம் எனக்கு அத்துப்படி. அத்துப்படியாக இருந்தும் கோட்டை விட்டேன்.

எங்கள் வார்டுத் துணி மற்ற வார்டுகளில் கலந்துவிடுகிறது என்று அடிக்கடி புகார் வரும். பிரசவ வார்டில் யாரோ, "சொறி வார்டு துணிய எங்க பச்ச ஒடம்புக்காரிங்களுக்குப் போடறீங்களா" என்று சத்தம் போட்டார்கள். துணிக்கு நான்தான் பொறுப்பு. இனிமேல் தெளிவாக அடையாளம் போட வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். மார்க்கர் பேனாவில் எழுதினேன். பிளீச்சிங் பவுடரில் இரண்டு சலவைக்குள் போய்விட்டது. மறுபடி புகார். அவர்கள் எதிரில் நின்று பதில் சொல்ல எனக்கு வாய் வராது. கலவாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

சலவைக்கு வந்துகொண்டிருந்த கோவிந்தன் அண்ணன்தான் வழி சொன்னார்.

"இன்னாத்துக்குப் பேனா கீனா. சேங்கொட்ட இருக்குது எங்கிட்ட, மலையிலேர்ந்து வந்தது. அதோட கறுப்புப் பால ஊசியால தொட்டு ஒரு குத்து, மேல கொஞ்சம் சுண்ணாம்பு. துணி கிழிஞ்சாலும் குறி போவாது."

"போடுங்கண்ணா" என்றேன். சின்னதாகப் போட்டால் கண்ணில் படாது என்று, பெரிதாகவே போடச் சொன்னேன். இரண்டு புள்ளி, நடுவில் ஒரு கோடு. படுக்கை விரிப்பின் மூலையில், நோயாளிச் சட்டையின் கழுத்துப் பட்டைக்கு உள்ளே, ஈரக்கட்டுக்குக் கிழித்து வைக்கும் பருத்தித் துணியின் ஓரத்தில். டாக்டரிடம் சொல்லவில்லை. துணி விஷயத்தை எல்லாம் அவரிடம் கொண்டுபோவதில்லை.

மல்லிகா கிறிஸ்துமஸ் முடிந்த திங்கட்கிழமை வந்து சேர்ந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கரியாலூருக்கு மேலே ஒரு ஊர். பக்கத்தில் உள்ள பள்ளி விடுதியில் சமையல் வேலை. குழந்தையிலிருந்தே முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான். மார்கழிக் குளிரில் அது கை, மார்பு எங்கும் பரவிவிட்டது. விடுதிக் காப்பாளர் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் திங்கட்கிழமை, இது ஒட்டுகிற வியாதி இல்லை, சமைக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வர வேண்டும். வராவிட்டால் வேறு ஆள். வீட்டில் சம்பளம் வருவது அவள் ஒருத்திக்குத்தான்.

கடிதத்தைப் படித்துவிட்டு டாக்டர், "ஒரு வாரத்துல அனுப்பிடறேன், கவலைப்படாத" என்றார். சொன்னபடியே ஆயிற்று. களிம்பு தடவி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, அதன்மேல் காய்ந்த துணி. ஒரு நாளைக்கு மூன்று முறை. ஞாயிற்றுக்கிழமைக்குள் தோல் அடங்கிவிட்டது. மல்லிகா வாயாடி. ஈரத்துணி சுற்றும்போதெல்லாம், "இன்னாக்கா, பொணத்துக்குச் சுத்தற மாதிரி சுத்துற. கண்ணயாச்சும் வுடு" என்பாள். நான் சிரிப்பை அடக்கிக்கொள்வேன். "சிரிச்சா சம்பளத்துல பிடிப்பாங்களா?" என்று அதற்கும் ஒன்று சொல்வாள்.

புதன்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. திங்கட்கிழமை புதிதாகக் குறி போட்ட துணிகள் வந்தன. திங்களும் வியாழனும் எங்கள் வார்டில் துணி மாற்றும் நாள். மாற்றினேன்.

புதன் காலையில் அவள் பிடரியில் சிவந்து, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார். முகம் மாறியது. "இது பழைய கரப்பான் மாதிரி இல்லையே" என்றார். அனுப்புவது தள்ளிப்போயிற்று. சனிக்கிழமை அது கழுத்தைச் சுற்றித் தோள் வரை இறங்கி நீர் வடிந்தது. முதல் நாள்தான் அவள் தம்பி மலையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

"என்ன தடவின?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் தடவலைங்க."

"தம்பி என்ன கொண்டாந்தான்?"

"மரவள்ளிக்கெழங்கு அவிச்சாந்தாங்க. தின்னுட்டேன்."

"பச்சிலை ஏதாவது அரைச்சுப் போட்டியா? மறைச்சா நான் வைத்தியம் பண்ண முடியாது மல்லிகா."

"மலையிலேர்ந்து வந்தா பச்சிலதான் போடுவோம்னு நெனச்சிக்கினீங்களா? பச்சிலைல சரியாயிருந்தா நா எதுக்குங்க இங்க வந்து படுத்துக்கினு இருக்கேன்?"

டாக்டர் வெளியே வந்து என்னிடம், "அவ பையைப் பாரு" என்றார்.

அவள் குளிக்கப் போயிருந்தபோது பார்த்தேன். தலையணைக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், பைக்குள். இரண்டு புடவை, ஒரு சீப்பு, காப்பாளர் கடிதம். நிமிர்ந்தபோது ஈரத்தலையோடு கதவில் நின்றிருந்தாள்.

"கேட்டிருந்தா நானே கொட்டிக் காட்டியிருப்பனே அக்கா."

அதன் பிறகு பகடி எதுவும் வரவில்லை. அன்று முழுதும் எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கழுவின கிண்ணத்தையே கழுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த திங்கள் மறுபடி துணி மாற்றினேன். கழுத்துப் புண் என்பதால் அன்றைக்கு அவளுக்குப் புதிதாக வெட்டிய கட்டுத்துணியை எடுத்தேன். கழுத்து, தோள், இரண்டு கை. ஒவ்வொரு கட்டும் மணிக்கட்டில் முடியும். முனையை உள்ளே செருகிவிடுவேன். என் கைக்கு அப்படித்தான் பழக்கம்.

புதன் காலை, சுற்றில் வந்த டாக்டர் அவளுடைய கேஸ் ஷீட்டில் எழுதினார்: "நோயாளி நாட்டுப் பச்சிலை பயன்படுத்துவதாகச் சந்தேகம்." அதற்குக் கீழே ஒரு மாத்திரையின் பெயர். உடம்பின் வெள்ளை அணுக்களையே மொத்தமாக அடக்கிப்போடும் மாத்திரை அது. சாப்பிட ஆரம்பித்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கலாம் என்றார். சீட்டைப் பற்றி மல்லிகா கேட்டதற்கு, "இந்தக் கழுத்தோட எப்படி எழுத முடியும்?" என்று நகர்ந்துவிட்டார்.

அவர் போனதும் நான் கட்டைப் பிரித்தேன். வலது மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு புள்ளி, நடுவில் ஒரு கோடு. அச்சு வைத்ததுபோல் தடித்து, கொப்புளம் கட்டியிருந்தது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். திங்கள் மாற்றினால் புதன். வியாழன் மாற்றினால் சனி. எனக்குத் தெரிந்த கணக்கு. பன்னிரண்டு கட்டிலிலும் அதே துணிதான். மற்றவர்கள் உடம்புக்குச் சேங்கொட்டை ஞாபகம் இல்லை. இவள் உடம்புக்கு இருக்கிறது.

அன்றைக்கு நான் செய்தது இதுதான். வீட்டுக்குப் போய் என்னுடைய பழைய நூல் புடவை ஒன்றைக் கிழித்துக் கொதிக்க வைத்துக் காயப்போட்டேன். மறுநாள் பொங்கல். காலையிலேயே போய் அவளுக்கு அந்தத் துணியால் கட்டிவிட்டேன். பழைய சட்டை ஒன்றைக் குறியில்லாமல் தேடி எடுத்துப் போட்டேன். இனி அவளுக்கு ஆறிவிடும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் ஆறினால் மாத்திரையால் ஆறியது என்று டாக்டர் நினைப்பார். மாத்திரை நிற்காது. பச்சிலை என்று எழுதியது எழுதியபடி இருக்கும். சீட்டு கிடைக்காது. ரத்தம் எடுக்க வந்தவரிடம் மல்லிகா கையை நீட்டிக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பச்சிலைக்காரி ஆகிவிட்டவள்.

பொங்கல் என்பதால் டாக்டர் ஒரு மணி நேரத்துக்குத்தான் வந்திருந்தார். அவர் அறைக்குப் போனேன். கதவு வரை போய்த் திரும்பினேன். மறுபடி போனேன். உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார், திரும்பினேன். மூன்றாம் முறை அவர் கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே வரவே, நேருக்கு நேர் நின்றுவிட்டேன். கையோடு கொண்டுபோயிருந்த குறிபோட்ட சட்டையைத் திருப்பிக் கழுத்துப் பட்டையைக் காட்டினேன்.

"என்ன இது?"

"சேங்கொட்டைங்க டாக்டர். குறி. நான்தான் போடச் சொன்னேன். போன வாரத் திங்கள்ல இருந்து. அவ மணிக்கட்டுல அப்படியே இருக்குங்க."

டாக்டர் சட்டையை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைத் தடவினார். துணியில் என்ன தெரியப்போகிறது. பழக்கம். பிறகு, "எத்தனை நாளா உனக்குத் தெரியும்?" என்றார்.

"நேத்துலேர்ந்துங்க."

"நேத்து ஏன் சொல்லல?"

அவர் கைப்பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "குறி இருக்கற துணில ஒரு துண்டு, குறி இல்லாததுல ஒரு துண்டு, பொட்டளவு வெட்டு. கிண்ணத்துல வை. அப்புறம் நீயே அவகிட்ட சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்."

சொன்னேன். என்ன சொன்னேன் என்று வரிசையாக ஞாபகம் இல்லை. மல்லிகா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு டாக்டரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"சேங்கொட்டைய எங்க ஊருல சின்னப் புள்ளகூடக் கையால தொடாது. எட்டு வயசுல பொறுக்கப் போயி, பத்து நாளு எனக்குக் கண்ணே தொறக்கல. அத்தக் கொண்டாந்து சட்டையில வச்சிக் குடுத்திருக்கீங்க."

"இதை ஏன்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க எங்கங்க கேட்டீங்க? சோப்பு கேட்டீங்க, வளையலு கேட்டீங்க. இன்னா பச்சிலன்னு கேட்டீங்க."

டாக்டர் அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, மேற்கையில் ஒட்டிச் சோதிக்க வேண்டும், அந்த இடம் எரியும், அரிக்கும், சம்மதமா என்று கேட்டார். "ஏற்கெனவே அரிச்சிக்கினுதான் இருக்கு. இன்னும் ரெண்டு பொட்டு ஜாஸ்தியானா இன்னா" என்று கையை நீட்டினாள். நான் ஒட்டினேன்.

மாத்திரை ஆரம்பிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை கோவிந்தன் அண்ணனிடம் சொன்னபோது முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கப்பா காலத்துலேர்ந்து போடறேன், என் கையப் பாரு, இன்னா ஆச்சு?" என்றார். எல்லார் உடம்பும் ஒன்றுபோல் ஞாபகம் வைக்காது என்று, டாக்டர் எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து, துணிகள் ஒவ்வொன்றிலும் குறி இருந்த மூலையை, சட்டையானால் கழுத்துப் பட்டையை, வெட்டி எறிந்தார். அதற்கப்புறம் எங்கள் துணி எந்த வார்டிலும் கலக்கவில்லை. மூலை இல்லாத துணி தோல் வார்டுத் துணி என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. முதலிலேயே கத்தரிக்கோல் போதுமாக இருந்திருக்கிறது.

சனிக்கிழமை பிரித்தேன். அரைமணி நேரம். அந்த அரைமணியில் வார்டை எத்தனை சுற்று சுற்றினேனோ. டாக்டர் வந்து கண்ணை மூடித் தடவினார். குறியில்லாத துண்டு இருந்த இடம் வெறும் தோல். மற்ற இடத்தில் கொப்புளம் எழுந்து நின்றது. மூன்று பிளஸ், எங்கள் கணக்கில் அதுதான் உச்சம். கேஸ் ஷீட்டை எடுத்துப் பச்சிலை என்ற வரியை அவள் கண் முன்னாலேயே அடித்தார். "நான் தப்பா எழுதிட்டேன் மல்லிகா" என்றார். மேலே காரணம் எழுதி, அலுவலகத்துக்கும் ஒரு அறிக்கை எழுதினார். அதில் என் பெயரும் இருந்தது, கேட்காமல் விட்டதற்கு அவர் பெயரும் இருந்தது. எனக்கு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன்.

காப்பாளருக்கு அவர் எழுதிய சீட்டில், இது ஒட்டுகிற நோய் இல்லை, இவர் சமைக்கலாம், பரிமாறலாம் என்று இருந்தது. ஆனால் கழுத்தில் பொருக்கு அப்படியே இருந்தது. சீட்டைப் படிப்பதற்கு முன்னால் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்தேன். விடிந்ததும் வடக்கனந்தல் நிறுத்தத்தில் நின்று, கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் முதல் பேருந்தில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டிருந்தாள்.

"எங்க போற?" என்றாள். வியாழனுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"உன்கூடத்தான்."

அவள் வெளியே பார்க்க ஆரம்பித்தாள். மலை ஏறத் தொடங்கியதும், கேட்காமலே ரவிக்கைக் கையை மேலே தள்ளி என் பக்கம் காட்டினாள். நாலாம் நாள் பார்வை. கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். வளைவுக்கு வளைவு பேருந்து ஆட, விரலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். தடிப்பு நின்றிருந்தது.

"கண்ண மூடிக்கினு கையத் தடவுற. சுத்தி இருக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என்றாள்.

விடுதியில் காப்பாளர் நான் எதிர்பார்த்தபடியே கழுத்தைப் பார்த்தார். சீட்டை ஒரு ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துப் படித்தார். "எழுதியிருக்காங்க, சரி. ஆனா பெத்தவங்க பார்த்தா நான் இன்னா சொல்றது? இன்னும் ஒரு மாசம் போவட்டும். அதுவரைக்கும் வேற ஒருத்தர வரச் சொல்லியிருக்கேன்." மல்லிகா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

"ஐயா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி, "ஐயா, நான் அந்த வார்டுல துணி மாத்தறவங்க. அந்தக் கழுத்து நாங்க பண்ணதுங்க. எங்க துணியில இருந்த சேங்கொட்ட பட்டது. அது அவ ஒடம்புக்கு மட்டுந்தாங்க ஆவாது. தொட்டா வராது. இத்தினி வருஷமா நான் அந்தப் புண்ணத் தொட்டுக் கழுவிக்கினு இருக்கேங்க" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன்.

அவர் என் கைகளைப் பார்த்தார். உள்ளே பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்துகொண்டிருந்தார்கள், சாப்பாட்டு நேரம். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவரைத் தாண்டி உள்ளே போய், ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையின் கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"மல்லிகா, எனக்கு நீ போடு" என்றேன்.

அவள் காப்பாளரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து கரண்டியை எடுத்தாள். சோறு போட்டு, சாம்பார் ஊற்றினாள். நான் பிசைந்து சாப்பிட்டேன். காப்பாளர் கதவிலேயே நின்று நாலு வாய் வரைக்கும் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த பெண்ணிடம், "மத்த வரிசைக்கும் அதுவே போடட்டும். நாளையிலேர்ந்து சமையலையும் அது பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மல்லிகா சாம்பார் வாளியோடு குனிந்து என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"உப்பே இல்லதான்" என்றாள் மெதுவாக. "பேசாம சாப்டு. இத செஞ்சது நா இல்ல."